காலணா கார்டும் வங்கக் கடலும்

இருபதாம் நூற்றாண்டின் முதல் நாற்பது ஆண்டுகளில் தமிழ்நாட்டிலிருந்து பர்மா, மலாயா, இலங்கை ஆகிய நாடுகளுக்குப் பிழைக்கப் போனவர்களையும் ஊரில் தங்கிவிட்ட அவர்களது குடும்பங்களையும் இணைத்துவைத்தவற்றுள் மிக மலிவானது தபால் கார்டு. காலணா கார்டு என்றும் வெறுமனே கார்டு என்றும் மக்கள் அதை அழைத்தார்கள். கைக்கடக்கமான அந்த அட்டையில் பத்துப் பன்னிரண்டு வரிகளுக்கு மேல் எழுத முடியாது. எழுதியதை மறைக்கவும் முடியாது. ஆனாலும் ஆண்டுக்கணக்கில் முகம் பாராமல் வாழ்ந்த குடும்பங்கள் கலையாமல் இருந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அட்டையின் விலை, அளவு, திறந்த தன்மை ஆகிய மூன்றுமே அதில் என்ன எழுதலாம், யார் எழுதலாம், யாருக்கு எழுதலாம் என்பதைத் தீர்மானித்தன.

அட்டையின் தோற்றம்

உறையில்லாத திறந்த அட்டையில் செய்தி அனுப்பலாம் என்ற யோசனையை ஜெர்மன் அஞ்சல் அதிகாரி ஹைன்ரிக் ஃபான் ஸ்டெஃபான் 1865இல் முன்வைத்தார். அப்போது அது ஏற்கப்படவில்லை. 1869 ஜனவரியில் ஆஸ்திரியப் பொருளியல் பேராசிரியர் எமானுவேல் ஹெர்மன் ஒரு நாளிதழில் இதே யோசனையைக் கணக்கோடு விளக்கினார். சில வரிச் செய்திக்குக்கூட முழுத்தாள், உறை, முத்திரை, நீண்ட மரியாதைச் சொற்கள் என்று செலவாகும் பணமும் நேரமும் வீண் என்பது அவர் வாதம். ஆஸ்திரிய-ஹங்கேரி அரசு அதை ஏற்று, 1869 அக்டோபர் 1 அன்று உலகின் முதல் அரசு அஞ்சலட்டையை வெளியிட்டது. முதல் மூன்று மாதங்களில் ஏறத்தாழ 30 லட்சம் அட்டைகள் விற்றன. 1870இல் வட ஜெர்மன் கூட்டமைப்பும் பிரிட்டனும், 1873இல் அமெரிக்காவும் தங்கள் அட்டைகளை வெளியிட்டன.

அட்டை நாட்டு எல்லையைக் கடக்க ஓர் உலக ஏற்பாடு தேவைப்பட்டது. 1874 அக்டோபர் 9 அன்று சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் 22 நாடுகள் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அதைத் தந்தது. அதன்படி உறுப்பு நாடுகள் அனைத்தும் ஒரே அஞ்சல் நிலப்பரப்பாகக் கருதப்பட்டன. அனுப்பும் நாட்டில் ஒட்டிய அஞ்சல்தலை போய்ச்சேரும் நாடு வரை செல்லும். இடையிலுள்ள நாடுகளுக்குத் தனிக் கட்டணம் இல்லை. இந்தியா 1876இலும், இலங்கையும் மலாக்கா நீரிணைக் குடியேற்றங்களும் 1877இலும் இதில் சேர்ந்தன. 1878இல் பாரிஸ் மாநாட்டில் இந்த அமைப்பு உலக அஞ்சல் ஒன்றியம் என்ற பெயரைப் பெற்றது. 14 சென்டிமீட்டர் நீளமும் 9 சென்டிமீட்டர் அகலமும் அட்டைக்கு உச்ச அளவாயின. 1897இல் வாஷிங்டன் மாநாடு வெளிநாட்டு அட்டைக்குரிய தலை சிவப்பாகவும், கடிதத்துக்குரியது நீலமாகவும் இருக்க வேண்டும் என்று வகுத்தது. எந்த மொழியில் முகவரி இருந்தாலும் கட்டணம் சரியா என்பதை எந்த நாட்டு அஞ்சல் ஊழியரும் நிறத்தைக் கொண்டே அறியலாம் என்பதே அதன் நோக்கம்.

இலங்கையில் 1872இலேயே அரசு அட்டை விற்பனைக்கு வந்துவிட்டது. இந்தியாவில் 1879 ஜூலை 1 அன்று வந்தது. லண்டனில் டி லா ரூ அச்சகத்தில் அச்சான அந்த அட்டையில் விக்டோரியா அரசியின் தலையும், இந்தப் பக்கத்தில் முகவரி மட்டுமே எழுத வேண்டும் என்ற ஆங்கில வாசகமும் இருந்தன. விலை கால் அணா, அதாவது ரூபாயில் அறுபத்து நான்கில் ஒரு பங்கு. உள்நாட்டுக் கடிதத்துக்கு அரை அணா ஆகும். அதே நாளில் வெளிநாட்டுக்கென ஒன்றரை அணா அட்டையும் வெளிவந்தது. பின்னர் அது ஓர் அணாவாகக் குறைந்தது. உள்நாட்டுக் கார்டின் விலை 1922 வரை, ஏறத்தாழ 43 ஆண்டுகள், மாறவே இல்லை. இரண்டு தலைமுறைகளுக்குக் கார்டு என்றாலே காலணாதான்.

கடல் கடந்தவர்கள்

1840க்கும் 1940க்கும் இடையில் இந்தியாவிலிருந்து இலங்கைக்குச் சுமார் 80 லட்சம் பேரும், மலாயாவுக்குச் சுமார் 40 லட்சம் பேரும், பர்மாவுக்கு 120 முதல் 150 லட்சம் பேரும் சென்றதாக வரலாற்றாய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். இலங்கைக்கும் மலாயாவுக்கும் போனவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். பர்மாவுக்குப் போனவர்களில் தெலுங்கரும் ஒரியரும் வங்காளியரும் அதிகம் என்றாலும் தமிழர் தொகையும் பெரிது. போனவர்களில் மிகுதியானோர் சில ஆண்டுகளில் திரும்பினர். பலர் மீண்டும் போயினர். நிரந்தரமாகக் குடிபெயர்வதைவிடப் போவதும் வருவதுமே வழக்கமாக இருந்ததால், குடும்பம் ஒரு கரையிலும் சம்பாதிப்பவர் மறுகரையிலும் இருக்கும் நிலை இயல்பாயிற்று. கடிதப் போக்குவரத்து பெருகியதற்கு அடிப்படைக் காரணம் இதுவே.

இவர்களில் நான்கு வகையினரைத் தனித்துச் சொல்லலாம். முதலாவது, தோட்டத் தொழிலாளர்கள். ஆள் திரட்டும் கங்காணிகள் வழியே இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கும் அவர்கள் சென்றனர். இரண்டாவது, நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். ரங்கூனின் மொகல் தெரு, சிங்கப்பூரின் மார்க்கெட் தெரு, பினாங்கின் பினாங்கு தெரு ஆகியவற்றில் அவர்களது வட்டித்தொழில் நிலையங்களான கிட்டங்கிகள் இருந்தன. அவற்றை நடத்திய முகவர்கள் பெரும்பாலும் மனைவி மக்களை ஊரில் விட்டு, மூன்றாண்டுத் தவணையில் போய்வந்தனர். மூன்றாவது, நாகூர், காரைக்கால், கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களின் முஸ்லிம் வணிகர்கள். நான்காவது, யாழ்ப்பாணத் தமிழர்கள். மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் கற்ற அவர்கள், மலாய் நாடுகளின் கூட்டமைப்பு 1896இல் உருவானதையொட்டி, அங்கு ரயில்வே, அஞ்சல், கணக்கு அலுவலகங்களில் எழுத்தர்களாகச் சேர்ந்தனர். அவர்கள் அனுப்பிய பணம் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வாழ்வில் எவ்வளவு தூரம் ஊடுருவியது என்றால், அங்குள்ள பொருளாதாரத்தை மணியோடர்ப் பொருளாதாரம் என்றே அழைக்கும் வழக்கம் வந்தது.

அட்டை சென்ற வழிகள்

பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனம் பிறந்ததே தபாலால்தான். கல்கத்தாவுக்கும் ரங்கூனுக்கும் இடையே தபால் கொண்டுசெல்லும் ஒப்பந்தத்துக்காக 1856இல் தொடங்கப்பட்ட ஒரு நிறுவனமே 1862இல் இப்பெயரைப் பெற்றது. பின்னர் அதன் கப்பல்கள் சென்னையிலிருந்து ரங்கூனுக்கும், சென்னை, நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஒழுங்காகச் சென்றுவந்தன. ரங்கூன் நான்கு நாள் வழி. பினாங்கு ஒரு வாரத்துக்குள். 1926இல் ஓடத் தொடங்கிய ரஜூலா என்ற கப்பல் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மேல்தளப் பயணிகளை ஏற்றக்கூடியது. பயணிகளும் அவர்கள் வீட்டுத் தபாலும் ஒரே கப்பலில் போனதால், கப்பல் வரும் நாளே தபால் வரும் நாள் என்பது இரு கரைகளிலும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இலங்கைக்கு முதலில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் செல்லும் கப்பல் வழியாகத் தபால் போனது. 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, அடுத்த மாதமே தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. சென்னை எழும்பூரில் ஏறிய தபால் மூட்டை, ரயில், கப்பல், மீண்டும் ரயில் என்று மாறி இரண்டு நாளில் கொழும்பை அடைந்தது. அந்த வண்டிக்குப் போட் மெயில் என்ற பெயர் நிலைத்தது. யாழ்ப்பாணத்துக்குக் கொழும்பிலிருந்து வடக்கு ரயில் பாதை 1905இல் முழுமையாகத் திறக்கப்பட்ட பின் மலாயாத் தபாலும் விரைவாக வந்தது.

துறைமுகத்திலிருந்து வீடு வரையிலான கடைசிப் பகுதிதான் கடினமானது. இலங்கைத் தோட்டங்களில் தப்பால்காரர் என்ற தொழிலாளி ஊர்த் தபால் கந்தோருக்கு, அதாவது அலுவலகத்துக்கு, நடந்துபோய்த் தோட்டத்துக்குரிய பையைத் தூக்கிவருவார். தோட்டங்களுக்கு ஆங்கிலப் பெயர் ஒன்றும், தொழிலாளர் வழங்கும் தமிழ்ப் பெயர் வேறொன்றும் இருந்தன. இந்தத் தமிழ்ப் பெயர்களையும் ஃபெர்குசன் இலங்கை வழிகாட்டி நூல் தொகுத்து வெளியிட்டது. ஊரில் உள்ளவர்களுக்குத் தெரிந்தது தமிழ்ப் பெயர் மட்டுமே. ஆகையால் முகவரியில் தொழிலாளியின் பெயர், தகப்பன் பெயர், கங்காணியின் பெயர், தோட்டத்தின் தமிழ்ப் பெயர், அருகிலுள்ள தபால் நிலையம் என்று எல்லா அடையாளங்களையும் அடுக்க வேண்டியிருந்தது. செட்டியார்களின் தபாலில் முகவரியின் உயிர் விலாசம் எனப்படும் முன்னெழுத்து வரிசை. ஒரே ஊரில் ஒரே பெயரில் பலர் இருந்தாலும் அந்த எழுத்துகளைக் கொண்டு இன்ன கடை, இன்ன வீடு என்று பிரித்தறிய முடிந்தது. தமிழிலும் ஆங்கிலத்திலும் முகவரி எழுதிய தபால்கள் தேவகோட்டை, காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான் போன்ற ஊர்களுக்கு அக்கரைச் சீமையிலிருந்து ஏராளமாக வந்தன.

விலையும் எல்லையும்

பர்மா 1937 வரை பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு பகுதி. ஆகவே ரங்கூனுக்குப் போகும் கார்டு சட்டப்படி உள்நாட்டுத் தபால். மன்னார்குடியிலிருந்து மதுரைக்கு ஆகும் அதே காலணா, ஆயிரம் மைலுக்கும் மேற்பட்ட கடலைத் தாண்டி மௌல்மீனுக்கும் போதுமானது. பர்மாவில் இருந்தவர்களுக்கும் ஊருக்கும் இடையே கார்டு தாராளமாகப் புழங்கக் காரணம் இந்த விலைதான்.

மலாயாவின் நிலை வேறு. அது வெளிநாடு, வெளிநாட்டு அட்டைக்கு ஓர் அணா. 1898 கிறிஸ்துமஸ் நாளன்று பிரிட்டிஷ் பேரரசுக்குள் ஒரு பென்னிக் கடிதத் திட்டம் நடைமுறைக்கு வந்து, அரை அவுன்சு எடையுள்ள மூடிய கடிதமும் ஓர் அணாவுக்கே போகத் தொடங்கியது. மலாயாவுக்கு அட்டையும் உறைக்கடிதமும் ஏறத்தாழ ஒரே விலை என்றானபின், விரிவாகவும் மறைவாகவும் எழுத வேண்டியவர்கள் கடிதத்தை நாடினர். அட்டை சுருக்கச் செய்திக்கும் படங்களுக்கும் உரியதாயிற்று. ஒரே காலத்தில் ஒரே ஊரிலிருந்து கடல் கடந்த இருவரில் ஒருவர் கார்டாகவும் மற்றவர் கவராகவும் எழுதியதற்கு, அவரவர் போன நாட்டின் அஞ்சல் எல்லையும் ஒரு காரணம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

பதில் கார்டு என்றொரு வகையும் இருந்தது. இரண்டு அட்டைகள் மடிப்பாக இணைந்திருக்கும். இரண்டுக்கும் அனுப்புபவரே பணம் கட்டிவிடுவார். பெறுபவர் தம் பாதியைக் கிழித்துப் பதில் எழுதிப் போட்டால் போதும். கையில் காசில்லாத பெற்றோரிடமிருந்தும் பதிலை உறுதியாகப் பெற இது வழி செய்தது.

எழுதும் முறை

அட்டையின் நெற்றியில் முதலில் தெய்வம். சைவர் பிள்ளையார் சுழியிட்டுச் சிவமயம் என்றோ முருகன் துணை என்றோ எழுதுவர். முஸ்லிம்கள் 786 என்ற எண்ணை இடுவர். அடுத்து நாள். பிங்கள ௵ ஆவணி ௴ 12 ௳ என்பதுபோல் தமிழ் ஆண்டும் மாதமும் குறிக்கப்படும். பின் விளி. மூத்தவர்களுக்கு மகாராஜராஜஸ்ரீ, இளையவர்களுக்குச் சிரஞ்சீவி, மணமான பெண்களுக்குச் சௌபாக்கியவதி. அதன் பின் வணக்கமோ ஆசியோ. அடுத்து மாறாத ஒரு வாக்கியம்: இவ்விடம் யாவரும் க்ஷேமம், அவ்விடம் க்ஷேமத்துக்கு அடிக்கடி எழுத வேண்டியது. ‘நிற்க’ என்ற சொல்லுக்குப் பின்னரே சொல்ல வந்த செய்தி தொடங்கும்.

இத்தனை சடங்குச் சொற்களுக்குப் பின் அட்டையில் மிஞ்சுவது ஐந்தாறு வரி. கப்பல் ஏறிய நாள், இறங்கிய நாள், பணம் அனுப்பிய விவரம், பணம் கிடைத்த விவரம், மழை, அறுப்பு, மாடு கன்று ஈன்றது, பிள்ளைப்பேறு, நோய், பெண்ணுக்கு வரன், திரும்பும் காலம் ஆகியவையே அந்த வரிகளில் இடம்பெற்றன. இடம் போதாதபோது ஓரங்களில் செங்குத்தாகவும் வரிகளுக்கிடையிலும் எழுதினர். முகவரிப் பக்கத்தில் எழுதினால் கடிதக் கட்டணம் கேட்கப்படும் என்ற பழைய விதி இருந்தவரை அந்தப் பக்கம் பயன்படவில்லை. பிரிட்டன் 1902இல் முகவரிப் பக்கத்தை இரண்டாகப் பிரித்து, இடப்பாதியில் செய்தி எழுத அனுமதித்தது. மற்ற நாடுகளும் ஒவ்வொன்றாக அதைப் பின்பற்றின. அமெரிக்காவில் 1907இல் அந்த அனுமதி வந்தது.

இந்தச் சுருக்கத்தைக் குறையாக மட்டும் கருதுவது தவறு. நலம் கேட்டும் நலம் சொல்லியும் அமைந்த மாறா வாக்கியங்களே அட்டையின் உண்மையான செய்தி. அட்டை வந்தது என்றால் எழுதியவர் உயிரோடிருக்கிறார், குடும்பத்தை நினைத்திருக்கிறார், பணம் வரும் என்று பொருள். மலேரியாவும் வயிற்றுப்போக்கும் தோட்டங்களில் உயிர்களைப் பறித்த காலத்தில், வழக்கமான கப்பலில் கார்டு வராமற்போனால் அதுவே வீட்டாரைக் கலங்கடித்தது.

நல்லதும் கெட்டதும் அட்டையைப் படிக்கும் முன்பே தெரிந்தன. திருமணம் போன்ற சுபச் செய்திக்கு நான்கு மூலைகளிலும் மஞ்சள் தடவினர். சாவுச் செய்தி தாங்கிய அட்டையின் ஓரத்தில் கறுப்பு மை இருக்கும். அதை வீட்டுக்குள் வைத்திருக்க மாட்டார்கள்; படித்ததும் கிழித்தெறிந்து தலைமுழுகுவார்கள். பணம் பற்றிய செய்திக்கு மணியார்டரும் துணை நின்றது. 1880இல் இந்திய அஞ்சல் துறை மணியார்டர் முறையைத் தொடங்கியது. அதன் கூப்பனில் இரண்டொரு வரி எழுத இடமிருந்தது. உள்நாட்டு மணியார்டரில் பணம் பெற்றவர் இட்ட கையெழுத்தோ கைநாட்டோ அனுப்பியவருக்குத் திரும்பிவரும். எழுதப் படிக்கத் தெரியாத தாயின் பெருவிரல் ரேகை ரங்கூனில் இருந்த மகனுக்கு ஒரு பதிலாகவே போய்ச் சேர்ந்தது.

எழுதியவர், படித்தவர், கேட்டவர்

1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சென்னை மாகாணத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் ஆண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 12 பேர். பெண்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆகையால் பெரும்பாலான அட்டைகள் ஒருவர் சொல்ல, மற்றொருவர் எழுதி, மூன்றாமவர் படிக்க, நாலாமவர் கேட்டவை. தபாலாபீஸ் வாசலில் கூலிக்குக் கடிதம் எழுதுபவர், தோட்டத்துக் கணக்கப்பிள்ளை, பள்ளிக்கூடம் போகும் சிறுவன் என்று எழுதுபவர்கள் பலவகை. பெறும் முனையில் தபால்காரரே படித்துக் காட்டுவது வழக்கம். கிராமங்களில் கிளை அஞ்சலகங்களைப் பள்ளி ஆசிரியர்களிடம் ஒப்படைக்கும் முறை இருந்ததால், தபாலைப் பிரித்துத் தருபவரும் அதைப் படிக்கத் தெரிந்தவரும் பல ஊர்களில் ஒரே ஆளாக இருந்தார்.

திறந்த அட்டையை வழியில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். படிப்பவர் ஊர்க்காரராகவும் இருந்துவிட்டால் வீட்டுச் செய்தி தெருச் செய்தியாகும். எனவே கடன் தொல்லை, பாகத் தகராறு, தோட்டத்தில் பட்ட அடி, கணவன் மனைவிக்கு மட்டும் உரிய பேச்சு ஆகியவற்றை அட்டையில் எழுதத் தயங்கினர். விவரம் நேரில், விவரம் கவரில் என்று முடித்துக்கொண்டனர். ஊர் திரும்பும் நம்பகமானவர் வாயிலாகச் சொல்லியனுப்புவதும் உண்டு. அட்டை பெரும்பாலும் தகப்பனார், தமையனார் அல்லது மகன் பெயருக்கே எழுதப்பட்டது. மனைவியின் நலம் குழந்தைகளின் நலத்தோடு சேர்த்தே விசாரிக்கப்பட்டது. கணவன் பெயரைச் சொல்லாத வழக்கம் இருந்ததால், மனைவி எழுதச் சொன்ன பதிலிலும் பிள்ளையின் பெயரே முன்நின்றது. கூட்டுக் குடும்பத்தில் அட்டை ஒரு பொதுச் சொத்து. கூடத்தில் எல்லோரும் கேட்க ஒரு முறை படிக்கப்படும். யாரேனும் உறவினர் வந்தால் மறுபடியும் படிக்கப்படும்.

இதற்கு ஒரு முக்கியமான விலக்கும் உண்டு. கீழக்கரை, காயல்பட்டினம் முதலிய ஊர்களில் முஸ்லிம் பெண்கள் பலர் அரபுத் தமிழ், அதாவது அரபு எழுத்தில் எழுதும் தமிழ், கற்றிருந்தனர். பிறர் கையை நம்பாமல் அவர்களே எழுதவும் படிக்கவும் முடிந்தது. அந்த எழுத்து தெரியாத தபால்காரருக்கு அது படிக்க முடியாத ஒன்று. பெண்கல்வி அரிதாக இருந்த காலத்தில் இந்தப் பெண்களுக்குக் கிடைத்த தன்னுரிமை வரலாற்றில் இன்னும் போதிய கவனம் பெறவில்லை.

படம் தாங்கிய அட்டைகள்

தனியார் அச்சிட்ட பட அட்டைகளைப் பிரிட்டன் 1894இலும் அமெரிக்கா 1898இலும் அஞ்சலில் அனுமதித்தன. அடுத்த இருபது ஆண்டுகள் பட அட்டையின் பொற்காலம். 1907-08 நிதியாண்டில் அமெரிக்க அஞ்சலில் மட்டும் 67 கோடிக்கு மேற்பட்ட அட்டைகள் சென்றன. பிரிட்டனில் 1909-10இல் இந்த எண்ணிக்கை 80 கோடியைத் தாண்டியது. மிகச் சிறந்த வண்ண அச்சு ஜெர்மனியில் நடந்ததால், உலகின் பல ஊர்ப் படங்களும் அங்கே அச்சாகித் திரும்பின.

வங்கக் கடலைச் சுற்றியும் பெயர்பெற்ற வெளியீட்டாளர்கள் இருந்தனர். சென்னையில் ஹிக்கின்பாதம்ஸ் கடையும் வீல் அண்ட் க்ளைன் படப்பிடிப்பு நிறுவனமும், கொழும்பில் பிளேட் நிறுவனமும், ரங்கூனில் பிலிப் கிளியரும் டி.ஏ. அஹுஜாவும், சிங்கப்பூரில் ஜி.ஆர். லாம்பர்ட் நிறுவனமும் பட அட்டைகளை வெளியிட்டனர். இவற்றை முதன்மையாக வாங்கியவர்கள் ஐரோப்பிய அதிகாரிகள், தோட்டத் துரைகள், பயணிகள். இங்கிலாந்தில் படிக்கவிட்ட பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் அவர்கள் எழுதினர். அந்த அட்டைகளில் தமிழர்கள் பெயரற்ற காட்சிப் பொருள்களாக நின்றனர்: தேயிலை கொய்யும் பெண், வண்டிக்காரர், காவடியாட்டம், நகையணிந்த தமிழ்ப் பெண் என்ற பொதுத் தலைப்புகளே அவர்களுக்குக் கிடைத்தன. துரையின் குடும்பம் தன் அன்பைப் பரிமாறிக்கொண்ட அட்டையின் மறுபக்கத்தில், தன் குடும்பத்தைப் பிரிந்த ஒரு தொழிலாளியின் படம் இருந்தது. அந்த வணிகத்தின் அநீதி இதில் தெளிவாகத் தெரிகிறது.

தமிழர்கள் தங்களைத் தாங்களே காட்டிக்கொள்ள வேறொரு வகை உதவியது. புகைப்படத் தாளையே அட்டை அளவில் வெட்டி, பின்புறத்தில் முகவரிக் கோடுகளை முன்கூட்டியே அச்சிட்டு விற்கும் முறை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவியது. அஞ்சலட்டை அளவிலேயே படம் எடுக்கும் கோடாக் 3ஏ கேமரா 1903இல் வந்தது. ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர், கொழும்பு நகரங்களின் ஸ்டூடியோக்களில் எடுத்த படத்தை உறவினருக்கு அட்டையாகவே தரவும் அனுப்பவும் முடிந்தது. தீட்டிய திரைச்சீலைக்கு முன் நாற்காலியில் கோட்டும் தலைப்பாகையுமாக அமர்ந்த உருவம், ஊரில் உள்ளவர்களுக்குப் போனவரின் உயர்வைச் சொன்னது. பிறந்தபின் தகப்பனைக் காணாத பிள்ளைக்கு அவர் முகத்தை முதலில் அறிமுகப்படுத்தியதும் இத்தகைய படங்களே. சாதாரண கார்டு படித்தபின் கம்பியில் குத்தப்பட்டது. பட அட்டை கண்ணாடிச் சட்டத்துக்குள் ஏறியது.

போரும் தணிக்கையும்

முதல் உலகப் போரின்போது, 1914 செப்டம்பரில் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் வங்கக் கடலில் நுழைந்து வணிகக் கப்பல்களைப் பிடித்தது. செப்டம்பர் 22 அன்று சென்னையில் எண்ணெய்க் கிடங்குகளைத் தாக்கியது. அக்டோபர் 28 அன்று பினாங்குத் துறைமுகத்தில் புகுந்து போர்க்கப்பல்களை மூழ்கடித்தது. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே அது வீழ்த்தப்படும் வரை கப்பல்கள் துறைமுகங்களில் முடங்கின, தபாலும் தேங்கியது. போர்க்காலத் தணிக்கையும் வந்தது. 1915 பிப்ரவரியில் சிங்கப்பூரில் நடந்த இந்தியச் சிப்பாய்களின் கலகத்துக்குப் பின் இந்தியர்களின் தபால்மீது அரசின் கண் கூர்மையானது. குடும்பங்கள் மேலும் சுருக்கமாகவும் மேலும் கவனமாகவும் எழுதப் பழகின. ஜெர்மன் அச்சகங்களுடனான தொடர்பு அறுந்ததால் பட அட்டை வணிகமும் தளர்ந்தது. போருக்குப் பின் அது பழைய செழிப்பை எட்டவில்லை.

விலையேற்றமும் பிரிவும்

1922இல் உள்நாட்டுக் கார்டு அரை அணாவாகவும், 1931 டிசம்பரில் முக்கால் அணாவாகவும் உயர்ந்தது. இரண்டாவது உயர்வு உலகப் பொருளாதார மந்தத்தின் நடுவில் வந்தது. ரப்பர் விலை வீழ்ந்து, மலாயாத் தோட்டங்களிலிருந்து தொழிலாளர்கள் பெருந்தொகையாகத் திருப்பி அனுப்பப்பட்ட காலம் அது. வருமானம் குறைந்த நேரத்தில் கார்டின் விலை பத்தாண்டுக்குள் மும்மடங்கானது ஏழைக் குடும்பங்களுக்குச் சுமையாயிற்று.

1937 ஏப்ரல் 1 அன்று பர்மா இந்தியாவிலிருந்து தனிக் காலனியாகப் பிரிக்கப்பட்டது. இந்தியத் தலைகளின் மீது பர்மா என்று அச்சிட்டு அங்கே வழங்கினர்; பிறகு தனித் தலைகள் வந்தன. அதுவரை உள்ளூர்க் கார்டு சென்ற வழி வெளிநாட்டு வழியானது. 1930இல் பர்மாவில் இந்தியருக்கு எதிராக நடந்த கலவரத்தால் நிலைகுலைந்திருந்த குடும்பங்களுக்கு இந்த மாற்றமும் ஓர் அறிகுறியாகப் பட்டிருக்கும்; 1938இல் மறுபடியும் கலவரம் நடந்தது. இதே பத்தாண்டில் வானஞ்சல் வளர்ந்தது: 1932 அக்டோபரில் கராச்சி-சென்னை வானஞ்சலும், 1933 இறுதியில் சிங்கப்பூர் வரையிலான வான்வழியும் தொடங்கின. வசதியுள்ளோர் அதற்கு மாறினர்.

இரண்டாம் உலகப் போரில், 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூன்மீது ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரும் மார்ச் 8 அன்று ரங்கூனும் வீழ்ந்தன. வங்கக் கடலின் இரு கரைகளுக்கும் இடையிலான தபால் முற்றாக நின்றது. போர்க்காலத்தில் பகை எல்லைக்கு அப்பாலுள்ள உறவினருக்கு எழுதச் செஞ்சிலுவைச் சங்கம் ஏற்படுத்திய 25 சொல் செய்திப் படிவமே எஞ்சிய வழி. அதுவும் மிகச் சிலருக்கே எட்டியது. பர்மாவிலிருந்து லட்சக்கணக்கானோர் மலைகளையும் காடுகளையும் கடந்து நடந்து வந்தனர். வராதவர்களைப் பற்றி அறிய, 1945இல் போர் முடிந்து தபால் மீண்டும் தொடங்கும் வரை குடும்பங்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

எஞ்சியவை

அந்தக் காலத்து அட்டைகளில் எவை தப்பின, எவை அழிந்தன என்பதிலும் ஒரு வரலாறு இருக்கிறது. ஐரோப்பியக் குடும்பங்கள் ஆல்பத்தில் ஒட்டிக் காத்த பட அட்டைகள் இன்று அருங்காட்சியகங்களிலும் சேகரிப்பாளர்களிடமும் ஏராளமாக உள்ளன. செட்டிநாட்டு வீடுகளின் தபால்கள் ஓரளவு தப்பின. வணிகக் கணக்கோடு சேர்த்துக் கடிதங்களையும் காக்கும் பழக்கம் அதற்கு ஒரு காரணம். அவற்றின் மீதிருந்த மலாயாத் தலைகளுக்கும் முத்திரைகளுக்கும் அஞ்சல்தலைச் சந்தையில் விலை கிடைத்தது மற்றொரு காரணம். தோட்டத் தொழிலாளியின் காலணா கார்டு மட்டும் பெரும்பாலும் அழிந்துவிட்டது. ஓலைக்கூரையும் மழையும் கரையானும் அதை அழித்தன. சாவுச் செய்தியைக் கிழித்தெறியும் வழக்கத்தால், அக்கரையில் நேர்ந்த மரணங்களின் குடும்பப் பதிவுகளும் மறைந்தன. ஆகவே கிடைக்கும் அட்டைகளை மட்டும் வைத்து அந்தக் காலத்தை எழுதினால், படம் எடுத்தவர்களின் வரலாறாக அது முடிந்துவிடும்.

எஞ்சியிருக்கும் ஒவ்வொரு கார்டும் ஆய்வாளருக்குப் பல சான்றுகளைத் தருகிறது. எழுதியவர் இட்ட தமிழ்த் தேதியையும், அனுப்பிய ஊர், சேர்ந்த ஊர் ஆகிய இரு அஞ்சல் முத்திரைகளையும் ஒப்பிட்டால் பயண நாள்கள் கிடைக்கும். முகவரியில் தோட்டங்களின் மறைந்த தமிழ்ப் பெயர்கள் கிடைக்கும். கையெழுத்து ஒன்றாகவும் கையொப்பம் வேறாகவும் இருந்தால் எழுதிக்கொடுத்தவர் ஒருவர் இருந்தது தெரியும். விளிச்சொற்களில் உறவின் படிநிலையும், சொல்லாமல் விட்டவற்றில் திறந்த அட்டையின் கட்டுப்பாடும் தெரியும். அரசு ஆவணங்கள் இந்த மக்களைக் கப்பலேறிய தலைகளாக எண்ணி வைத்தன. அவர்களைத் தகப்பனாகவும் மகளாகவும் தமையனாகவும் காட்டும் எழுத்துச் சான்றுகள் மிகக் குறைவு. கார்டு அவற்றுள் ஒன்று. வீட்டுப் பரணிலும் பழைய பெட்டியிலும் இன்னும் கிடக்கும் கார்டுகளை, அஞ்சல்தலையை மட்டும் வெட்டியெடுக்காமல் முழுமையாகக் காப்பதும், படியெடுத்து நூலகங்களில் சேர்ப்பதும், கடல் கடந்த தமிழரின் வரலாற்றை எழுத விரும்புவோர் முதலில் செய்ய வேண்டிய வேலை.